லோடு ஆட்டோவில் ‘கடக்’ ஓசை: காரணமும் பரிகாரமும்

(குமாரலிங்கபுரம் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய நான் வண்டியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பருத்தியும் மிளகாயும் களத்தில் குவிந்தால் மட்டும் பணம் கைக்கு வந்துவிடாது. சந்தையில் எடை போட்ட பிறகே வரும். காலையில் போய்ச் சேராத மல்லிகைக்கு விலை ஏது? ஆகவே லோடு ஆட்டோ நடுவழியில் நின்றால் அதுவும் ஒரு மகசூல் இழப்பே.

வண்டி பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். கிளட்சை விடும்போதும், ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைக்கும்போதும் பின்புறம் ‘கடக்’ என்று கேட்கும். உடனே கியர் பெட்டியைப் பிரிக்கச் சொல்வோர் உண்டு. இலை மஞ்சளானதும் மருந்து தெளித்து விடுகிறோமா? நோயா, சத்துக் குறைவா, நீர் தேக்கமா என்று பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அதுவே முறை.

ஓசை எப்படி உண்டாகிறது?

1948ஆம் ஆண்டு இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் ஸ்கூட்டரையும் சரக்குப் பெட்டியையும் இணைத்து ‘ஆப்பே’ என்னும் மூன்று சக்கர வண்டியை வெளியிட்டது. நம் லோடு ஆட்டோவும் அந்த வகையைச் சேர்ந்ததே. இது லாரிக்குத் தம்பி அல்ல. மோட்டார் சைக்கிளுக்கு அண்ணன். இதன் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் விசையை அடி அடியாகவே தருகிறது. அந்த விசை கியர், டிபரன்ஷியல், ஷாப்டு, சக்கரம் என்று கைமாறிப் போகிறது. இணைப்புகளில் சிறிது இடைவெளி இருப்பது இயல்பு. தேய்மானத்தால் அது பெருகும்போது ஒரு பாகம் ஓடி வந்து மறுபாகத்தை இடிக்கிறது. நுகக்கயிறு தளர்ந்தால் மாடு ஓர் எட்டு வைத்த பின்பே வண்டி வெடுக்கென்று இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். எனவே ஆட்டம் எந்த இணைப்பில் இருக்கிறது என்பதே கேள்வி.

கண்டுபிடிக்கும் முறை

வண்டியைச் சுமையில்லாமல் சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கைப்பிரேக்கை விடுங்கள். ஷாப்டின் இணைப்புகளுக்குக் குறுக்கே சாக்பீஸால் கோடு இடுங்கள். ஒருவர் வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கோடு எங்கே இரண்டாகப் பிரிகிறதோ, அங்கே ஆட்டம் உள்ளது.

1. கப்ளிங் ரப்பரில் வெடிப்பு, உறையில் கிழிசல், கிரீஸ் கசிவு, போல்ட்டுத் தளர்ச்சி ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

2. சக்கர நட்டு தளர்ந்திருந்தால் ஷாப்டின் பற்கள் தேய்ந்துவிடும். நட்டைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் காட்டர் பின் புதிதாக இருக்கட்டும். இதுதான் இந்த வண்டியின் கடையாணி.

3. கிளட்சை விடும்போது இன்ஜின் எகிறினால், அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள்.

4. நின்ற நிலையில் முதல் கியர் போடும்போது மட்டும் பலத்த ஓசை கேட்டால், கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கலாம். அல்லது ஐடில் வேகம் கூடியிருக்கலாம்.

5. பள்ளத்தில் மட்டும் கேட்டால், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பெட்டியின் போல்ட்டுகளைச் சோதியுங்கள்.

6. திரும்பும்போது மட்டும் கேட்டால் டிபரன்ஷியலிலும் கோளாறு இருக்கலாம். அதன் ஆயிலை வடித்துப் பாருங்கள். உலோகச் சில்லுகள் மின்னினால் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.

மோட்டார் சைக்கிளை மாற்றி அமைத்த செயின் வண்டியானால், செயினைப் பல இடங்களில் அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் மற்றோரிடத்தில் தொய்வும் இருந்தால், செயினையும் பல்சக்கரங்களையும் ஒன்றாகவே மாற்றுவது நலம்.

வருமுன் காப்போம்

ஈரக் கரிசலில் ஒரு சக்கரம் புதைந்து சுழலும்போது ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். சுழலும் சக்கரம் திடீரென்று பிடிமானம் பெறுகையில் ஷாப்டும் டிபரன்ஷியலும் அந்த அடியை வாங்குகின்றன. சுமையை இறக்கி, சக்கரத்தின் அடியில் சோளத்தட்டை போட்டு மெல்ல ஏற்றுங்கள். மழைக்காலத்தில் வண்டியை வண்டிப்பாதையிலேயே நிறுத்தி, மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டு வருவது மேல். ஆர்.சி. புத்தகத்தில் கண்ட எடைக்கு மேல் ஏற்ற வேண்டாம். பெரிய கியரில் இன்ஜின் திணறினால் கியரைக் குறையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷாப்டின் பற்கள் அற்றுப்போனால், கியரில் போட்டு நிறுத்திய வண்டியும் சரிவில் உருண்டுவிடும். கண்மாய்க் கரையில் நிறுத்தும்போது கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். பின்னால் பிள்ளைகள் நிற்கக்கூடும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். தை மாதப் பருத்தி எடுப்புக்கு முன்பே, மார்கழியில் ஒரு நாள் ஒதுக்கி இச்சோதனையைச் செய்து விடுங்கள். ஆட்டம் உள்ள இடத்தைச் சாக்பீஸால் குறித்து மெக்கானிக்கிடம் காட்டினால், வீண் செலவும் நாளும் மிச்சமாகும்.