படிக்கும் பெண்ணுக்குத் துணை நிற்போம்
(புத்தூரில் ஆற்றிய உரை)



1824ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலிலே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை அமைத்தனர். பெண் எழுத்தறிதலே பழியென்று எண்ணிய காலம் அது. உணவும் உடையும் கொடுத்தும், சீதனம் தருவதாக வாக்களித்துமே மாணவிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்குக் கல்லூரி கண்டார். கொடையாளர் கைகொடுத்தே யாழ்ப்பாணத்துப் பெண்கல்வி வளர்ந்தது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, உடுவில் மகளிர் கல்லூரி தனியார் கல்லூரியாகவே நின்றது. கட்டணத்தை நம்பி நடத்தவும் வழியில்லை, நன்கொடையே தாங்கிற்று.

கட்டணம் இல்லையெனின் செலவே இல்லையென்று கொள்ளலாமோ? விடுதிச் செலவு, கொப்பிகள், சப்பாத்து, பஸ் கூலி இவற்றை யார் கொடுப்பது? வெங்காய விலை விழுந்த ஆண்டில் மகனின் படிப்பா, மகளின் படிப்பா முதலில் நிற்கிறது? நம் நெஞ்சையே கேட்போம்!

நிதி திரட்டுவோம். தோட்டக்காரர் விளைச்சலில் ஒரு பங்கும், உத்தியோகத்தர் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கும் தரட்டும். பரிசளிப்பு விழாவன்று மட்டும் கொடுப்பது மாரிமழை. நமக்கு வேண்டியதோ நிலாவரைக் கிணறு.

அன்று மிஷனரிமார் தம் சமயம் பரவுதலையும் நாடிக் கொடுத்தனர். நாம் எதனையும் நாடாது கொடுப்போம். சாதியும் சமயமும் கேளாதிருப்போம். பெறுபவளின் பெயரை மேடையில் உரைத்து அவளைத் தலைகுனிய வைக்காதிருப்போம். உதவி பெறுவது அவள் உரிமை. கொடுப்பது நம் கடமை!