நீரில் விழுந்தவருக்குக் கரையில் செய்ய வேண்டியவை

(காலடிப்பேட்டையில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய பேச்சு)



நாம் இன்று கூடியிருக்கும் இந்தக் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் துரையின் காலத்தில் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட குடியிருப்பு. காலட் பேட்டை என்பதே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இப்போது இது சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அக்கால்வாயில் ஓடிய காலம் போய்விட்டது. தவறி விழும் அபாயம் மட்டும் போகவில்லை. உங்கள் ஊர்களில் ஏரியும் குளமும், கைப்பிடிச் சுவரில்லாத பாசனக் கிணறுகளும் இருக்கின்றன. ஆகவே இப்பேச்சு நகரத்தாரைவிட உங்களுக்கே அதிகம் உரியது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 38,000-க்கு மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறந்தனர். உலகெங்கும் இவ்வாறு இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. இவர்களைக் கொல்வது மூச்சுத் தடைப்படுவதே. மூச்சு நின்ற சில நிமிஷங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடும். எவ்வளவு விரைந்து வந்தாலும் ஆம்புலன்ஸ் அதற்குள் வயற்காட்டுக் கிணற்றை எட்டுவது அரிது. அந்த நிமிஷங்கள் கரையில் நிற்பவர்களின் கையில்தான் இருக்கின்றன.

அந்த நேரத்தில் நம்மவர் செய்வது என்ன? வயிற்றை அமுக்குகிறார்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள், தூக்கிச் சுழற்றுகிறார்கள். இது நம் நாட்டு அறியாமை மட்டுமன்று. கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாம் நகரில் 1767-இல் நீரில் மூழ்கியவர்களை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றிற்று. அக்காலத்தில் அங்கும் பீப்பாயின்மேல் உருட்டுவதும் ஆசனவாய் வழியே புகையிலைப் புகை ஏற்றுவதும் வைத்தியமாகவே கருதப்பட்டன! நுரையீரலுக்குள் போகும் நீர் பெரும்பாலும் கொஞ்சம்தான். அதை வெளியேற்ற முயல வேண்டியதில்லை. வயிற்றை அமுக்கினால் உண்ட சோறு மேலேறி மூச்சுக்குழலை அடைத்துக் கொள்ளும்.

செய்யத் தக்கது இதுதான். ஒருவர் உடனே 108-க்குச் செய்தி சொல்லட்டும். மற்றொருவர், விழுந்தவரைக் கெட்டித் தரையில் மல்லாத்திப் படுக்க வைத்து, நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்து, முகவாயை உயர்த்த வேண்டும். மூச்சில்லையானால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, மார்பு எழும்பும்படி ஐந்து முறை ஊத வேண்டும். வாயில் நுரை வந்தாலும் அதைத் துடைத்துக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். அசைவில்லையேல் நடு மார்பில் இரு கைகளையும் வைத்து, இரண்டு அங்குலம் தாழும்படி வேகமாக 30 முறை அழுத்தி, மறுபடி இரண்டு முறை ஊத வேண்டும். மூச்சு திரும்பும் வரை, அல்லது உதவி வரும் வரை, இதை நிறுத்தக் கூடாது. சிறு குழந்தைக்கு ஒரு கை போதும். மூச்சு இருந்தும் நினைவில்லாதவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

கிணற்றில் விழுந்தவருக்கும், ஆழமில்லாத நீரில் தலைகீழாகக் குதித்தவருக்கும் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். அவரைக் கையையும் காலையும் பிடித்து இழுக்காமல், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி பலகையில் கிடத்தித் தூக்க வேண்டும். ஆனால் மூச்சு நின்றிருந்தால் மூச்சுக்கே முதலிடம்.

"எழுந்து உட்கார்ந்து பேசுகிறாரே, ஆஸ்பத்திரி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நீர் புகுந்த நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் சீர்கெடலாம். இருமலோ மூச்சுத் திணறலோ உள்ளவரையும், சிறிது நேரமேனும் நினைவிழந்தவரையும் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அங்கு பிராணவாயு கொடுத்து, பல மணி நேரம் கவனித்தே அனுப்புவார்கள். எந்த நீரில் விழுந்தார் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தக் கால்வாய் வழியே எண்ணெய் பரவி எண்ணூர் முகத்துவாரம் வரை சென்றதை அறிவீர்கள். அத்தகைய நீர் நுரையீரலைப் புண்ணாக்கும். சாக்கடை கலந்த நீரில் எலிக் காய்ச்சலின் கிருமி இருக்கக் கூடும். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், விழுந்த செய்தியை வைத்தியரிடம் கூறவேண்டும். காயம்பட்டவருக்கு ரணஜன்னி ஊசியும் தேவைப்படலாம்.

காப்பாற்றக் குதித்தவரும் உடன் மூழ்குவதை ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகைகளில் படிக்கிறோம். நீந்தத் தெரிந்தவரும் முதலில் கயிறு, மூங்கில், புடவை, மூடியிட்ட காலிக் குடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எறிந்து பார்க்கட்டும்.

பஞ்சாயத்தின் வேலை இதற்கு முன்பே தொடங்குகிறது. பொதுக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவரும் கம்பி வலையும் வேண்டும். தனியார் கிணற்றுக்காரர்களிடமும் நீங்களே சென்று பேச வேண்டும். செலவுக்குப் பணமில்லை என்பார்கள். சுவர் எழும்பும் வரை முள்வேலியாவது போடச் சொல்லுங்கள். குளத்தங்கரையில் ஒரு கம்பம் நட்டு, அதில் நீண்ட கயிறும் காற்றடைத்த லாரி டியூபும் மாட்டி வையுங்கள். கயிறு ஏற்றத்துக்கோ மாட்டுக்கோ போய்விடாமல் பார்க்க ஓர் ஆளை நியமியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஊரில் சுவரில்லாத கிணறுகள் எத்தனை, அவை யாருடையவை என்ற பட்டியலைக் கொண்டு வரவேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.