கறுத்த தோலில் தெரியாத கன்றல்
(வீரகேரளம்புதூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின், அடிபடாமலே உடம்பு கன்றிப்போவதுண்டு. குடல் சத்தை ஈர்ப்பது குறைந்து, இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே குறைந்திருக்கலாம். இரத்தக் கட்டியைத் தடுக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியும் காரணமாகலாம். நம் கறுத்த தோலில் அந்தக் கன்றல் எளிதில் தெரியாது. 2020இல் லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகளைக் காட்ட ஆசிரியர்களுடன் சேர்ந்து தனிக் கையேடே கொண்டுவர வேண்டியிருந்தது.

கண் தவறவிடும் வீக்கத்தையும் சூட்டையும் கை கண்டுபிடிக்கும். சாதி பார்த்துத் தொடும் சமூகத்தில், நோயாளியைத் தொட்டுச் சோதிப்பதும் சமத்துவம்தான் என்கிறேன் நான்.

'எங்கேயாவது இடித்திருப்பீர்கள்' என்றால் திரும்பி வராதீர்கள். இரத்தத் தட்டணு எண்ணிக்கை, உறைதல் பரிசோதனை இரண்டையும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.