ஆட்டு யாவாரிக்கு மட்டும் உலகம் அழியாதா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘செய்தித்தாள் வாசிப்பதன் அவசியம்’. அவசியம் அவசியம்னு நான் பேசினா, சாப்பிட்ட சாப்பாட்டுக்கு நீங்க எல்லாரும் தூங்கிடுவீங்க. அதனால ஒரு விளையாட்டு விளையாடுவோம். பழைய பேப்பர்ல வந்த ஒரு தலைப்பை எடுத்துக்குவோம். அது அப்படியே நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அதுதான் விளையாட்டு.

டைட்டானிக் கப்பல் எல்லாருக்கும் தெரியும். 1912 ஏப்ரல் 15-ல் முழுகுச்சு. அன்னைக்கு சாயங்காலம் நியூயார்க்கில் ஒரு பேப்பர், ‘டைட்டானிக்கில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டனர்’னு கொட்டை எழுத்தில் போட்டுச்சு. அது நிஜமா இருந்தா எப்படி இருந்திருக்கும்? கேப்டன் வீட்டுக்குப் போய், ‘புதுக் கப்பலை இப்படித்தான் ஓட்டுவாங்களா’ன்னு சம்சாரத்துகிட்ட திட்டு வாங்கியிருப்பார். அந்தப் படமே வந்திருக்காது. நம்ம பிள்ளைங்க டி.வி. முன்னாடி கண்ணைக் கசக்கிட்டு இருந்திருக்க மாட்டாங்க. ஆனா செத்தது 1500 பேருக்கு மேல. அந்தப் பேப்பரைப் படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி நிம்மதியா படுத்தவங்க எத்தனை பேரோ.

அடுத்தது நான் கண்ணால பார்த்த கதை. 1979-ஆம் வருஷம், நான் நாலாம் வகுப்பு. ‘ஸ்கைலாப் விழப்போகுது’ன்னு பேப்பர், ரேடியோ, டீக்கடை எல்லாத்துலயும் அதே பேச்சு. ஸ்கைலாப்ங்கிறது அமெரிக்காக்காரங்க 1973-ல் வானத்துக்கு அனுப்பின ஒரு வீடு. மூணு மூணு பேரா ஒன்பது பேர் போய்த் தங்கிட்டு வந்தாங்க. அப்புறம் ஆள் இல்லாம சுத்திக்கிட்டே இருந்தது. எடை எழுபது டன்னுக்கு மேல. அது எங்கே விழும்னு அனுப்பினவங்களுக்கே சரியாத் தெரியலை.

பேப்பரில் ‘விழப்போகுது’ன்னுதான் இருந்துச்சு. டீக்கடையில் இருந்து எங்க தெருவுக்கு வர்றதுக்குள்ள ‘உலகம் அழியப்போகுது’ன்னு ஆயிடுச்சு. சாகப்போறோம், வாய்க்கு ருசியாத் தின்னுட்டுச் சாவோம்னு ஊரில் பாதிக் கோழி குழம்பாப் போச்சு. எங்க அம்மா சினையாட்டை யாவாரிக்குக் கொடுத்துட்டாங்க. 100 ரூபாய் பெறும் ஆடு, 40 ரூபாய்க்கு.

அது நம்ம ஊர்லயே விழுந்திருந்தா? நெல் களத்தில் விழுந்து கிடக்குன்னு வைங்க. கிராம நிர்வாக அலுவலர் வந்து, ‘இது அடங்கல்ல ஏறலையே’ன்னு தலையைச் சொறிவார். பின்னாடியே ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’னு சைக்கிள்காரர் வந்துடுவார். எழுபது டன் இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கினா நம்ம பேரன் பேத்தி வரைக்கும் தின்னலாம்! அதுக்குள்ள நம்மள்ல யாராவது மஞ்சள் குங்குமம் வச்சிருப்போம். ஆடி மாசம் ‘ஸ்கைலாப் முனி’க்குக் கூழ் ஊத்தியிருப்போம். வரி வசூல் பண்ண ஒரு கமிட்டி, அந்தக் கமிட்டிக்குள்ள ஒரு சண்டை.

சிரிக்கிறீங்க. ஆனா நிஜமா நடந்தது இதைவிடச் சிரிப்பு. ஜூலை 11-ஆம் தேதி பெரும்பகுதி வழியிலேயே எரிஞ்சுபோய், மிச்சம் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அங்கே எஸ்பரன்ஸ்னு ஒரு ஊர். அந்த ஊர் நிர்வாகம், ‘எங்க இடத்தில் குப்பை கொட்டிட்டீங்க’ன்னு அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் போட்டுச்சு! அவங்க கட்டலை. 2009-ல்தான் ஒரு ரேடியோக்காரர் நேயர்கள்கிட்ட வசூல் பண்ணிக் கட்டினார். நம்ம குழுவில் ஒரு வாரம் சந்தா தவறினாலே அபராதம். அவங்க முப்பது வருஷம் தவறியிருக்காங்க. அந்த ஊர்ப் பையன் ஒருத்தன், 17 வயசு, தன் வீட்டில் கிடைச்ச துண்டை எடுத்துக்கிட்டு அமெரிக்கா போய் ஒரு பத்திரிகை அறிவிச்சிருந்த 10,000 டாலர் பரிசை வாங்கிட்டு வந்தான்.

எங்க வீட்டில் ஜூலை 12-ஆம் தேதி காலையில் வழக்கம்போல விடிஞ்சது. அம்மா காலிக் கொட்டிலைப் பார்த்துக்கிட்டே, ‘ஆட்டு யாவாரிக்கு மட்டும் உலகம் அழியாதாடி?’ன்னு கேட்டாங்க. அந்த ஆடு குட்டி போட்டதும் வித்து வட்டிக்கடனை அடைக்கிறதா இருந்தாங்க. அந்தக் கடன் இன்னும் மூணு வருஷம் ஓடுச்சு. நான் அஞ்சாம் வகுப்போட நின்னேன். அதுக்கு ஸ்கைலாப் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன்.

2016-க்கு வருவோம். புதுசா வந்த 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கு, பூமிக்கு அடியில் புதைச்சாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துடும்னு செல்போனில் வந்தது, சில டி.வி.யிலும் வந்தது. சிப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. 2023-ல் அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. நிஜமா இருந்திருந்தா வீட்டுக்காரர் எந்தச் சட்டையில் ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிச்சிருக்கலாம். ஆனா நம்ம அரிசிப் பானைக்குள்ள இருக்கிற சிறுவாட்டையும் அது காட்டிக்கொடுத்திருக்குமே. அதனால அந்தச் சிப் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு பேசுற நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பத்து ரூபாய் நாணயம் செல்லாதுன்னு பேச்சு வந்தப்ப, எங்க குழுவில் கீரை விக்கிற பாட்டி ஒரு சுருக்குப்பை நிறைய நாணயம் கொண்டாந்தாங்க. ‘வேண்டாம், நோட்டாக் கொடுங்க’ன்னு முதல்ல சொன்னது நான்தான். பாட்டி ஒண்ணும் பேசலை. போற வழியில் ஒருத்தர்கிட்ட நாணயத்துக்கு 7 ரூபாய்னு 40 நாணயத்தைக் கொடுத்துட்டாங்க. 120 ரூபாய் போச்சு. பத்துக் கோடு போட்டது, பதினஞ்சு கோடு போட்டது, மொத்தம் 14 வகையும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிச்சது. அதைப் பேப்பரில் படிச்சுக் காட்டினது பாட்டியோட பேத்தி. மிச்ச நாணயத்தை வங்கியில் எண்ணி வாங்கிக்கிட்டாங்க.

அன்னைக்குப் பாட்டி என்கிட்ட கேட்டாங்க: ‘நமக்குச் செல்லாத காசு, அந்த ஆளுக்கு மட்டும் எப்படி ஆத்தா செல்லும்?’ எங்க அம்மா குரல் மாதிரியே இருந்தது. 120 ரூபாயை நான் கொடுக்கிறேன்னேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க. அதுக்குப் பதிலா இன்னைக்கு வரைக்கும் சந்தா முழுசும் பத்து ரூபாய் நாணயமாவே தர்றாங்க. எண்ணி வாங்க வேண்டியவ நான்தான், இப்ப நான் பொருளாளர் ஆச்சே. அதோ மூணாவது வரிசையில் சிரிக்கிறாங்க பாருங்க.

நேரமாச்சுன்னு தலைவி மணியைப் பார்க்கிறாங்க.