கச்சான் சரையும் ஒரு நாவலும்



இன்றைய பத்திரிகை நாளைக்குக் கச்சான் சரை என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. சிவசம்புப் புலவர் பிறந்த உடுப்பிட்டியிலே, பாட்டையும் பதிகத்தையும் இலக்கியமாகப் போற்றிய தலைமுறையினர், செய்தித்தாளில் வந்த தொடர்கதையை ஏற்கத் தயங்கியதில் வியப்பில்லை. அந்தத் தயக்கம் நியாயமானதுதானா? அ. ந. கந்தசாமி என்ற எழுத்தாளரை முன்வைத்து இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

1924இல் பிறந்த கந்தசாமி அளவெட்டியைச் சேர்ந்தவர். மாணவப் பருவத்திலேயே 'ஈழகேசரி'யில் எழுதத் தொடங்கினார். 1943இல் யாழ்ப்பாணத்தில் உருவான மறுமலர்ச்சிச் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 'கவீந்திரன்' என்ற பெயரில் கவிதை எழுதினார். பின்னர் 'வீரகேசரி', 'தேசாபிமானி', 'சுதந்திரன்' எனப் பத்திரிகைத் துறையில் உழைத்தார். தகவல் திணைக்களத்தின் 'ஸ்ரீலங்கா' சஞ்சிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

இந்த உழைப்பு அவருக்கு இரண்டைத் தந்தது. ஒன்று, தெளிந்த நடை. மற்றது, நாட்டு நடப்பை உடனுக்குடன் பார்க்கும் கண். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. செய்தியாளர் அதைச் செய்தியாக எழுதுவார். கந்தசாமி 'காளிமுத்துவின் பிரஜா உரிமை' என்று சிறுகதையாகவும் எழுதினார். எமிலி ஸோலாவின் 'நானா'வைத் தமிழாக்கிச் 'சுதந்திரன்' வாசகருக்கு வழங்கியவரும் அவரே.

ஆனால் பத்திரிகை மேசை எடுத்துக்கொண்டதும் அதிகம். நாவல் எழுத அவகாசம் வாய்த்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1966-67இல் 'தினகரன்' பத்திரிகையில் 'மனக்கண்' தொடராக வந்தது. பார்வை இழந்த மகன் ஸ்ரீதரை ஏமாற்றி, அவன் காதலித்த பத்மாவின் பெயரால் வேறொரு பெண்ணை மணமுடித்து வைக்கிறார் செல்வச் செருக்குள்ள தந்தை சிவநேசர். பார்வை மீண்டு உண்மை அறிந்த மகன், கிரேக்க நாடகத்து ஈடிப்பஸைப் போலத் தன் கண்களைத் தானே அழித்துக்கொள்கிறான்.

தற்செயல் நிகழ்ச்சிகள் இக்கதையில் மிகுதி என்று குறை கூறலாம். அக்குறை உண்மையே. வாராவாரம் வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டிய தொடர்கதைக்கு அது கூடப் பிறந்த நோய். ஆயினும் குருடு எங்கே இருக்கிறது என்ற கேள்வியை ஆசிரியர் தவறவிடவில்லை. அது மகனின் கண்ணில் இல்லை. தந்தையின் அந்தஸ்திலே இருக்கிறது. நிருபராகத் தொடங்கி, சஞ்சிகை ஆசிரியராகி, தம் சஞ்சிகையிலேயே நாவலும் எழுதிய சார்ள்ஸ் டிக்கன்ஸும் இதே வழியில் வந்தவர்தாம். சில்லையூர் செல்வராசன் 'மனக்கண்'ணை வானொலி நாடகமாக்கியதும் நினைக்கத்தக்கது.

1968 பெப்ரவரி 14ஆம் திகதி, 43 வயதிலே கந்தசாமி மறைந்தார். அப்போது 'மனக்கண்' நூலாகியிருக்கவில்லை. அவர் எழுதிய 'களனி வெள்ளம்' என்ற மற்றொரு நாவலின் கையெழுத்துப் பிரதி 1983 கலவரத்தில் அழிந்ததாகச் சொல்லப்படுகிறது.

நேயர்களே, கையெழுத்துப் பிரதி போயிற்று. கச்சான் சரை என்று நாம் இகழ்ந்த பத்திரிகையில் வந்த நாவலோ தப்பிப் பிழைத்து, பின்னாளில் இணையத்தின் வழியே புதிய வாசகரையும் அடைந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பத்திரிகைக் கட்டுகள் கிடக்கலாம். கடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.