எல்லாருக்கும் 20.0



தலைமை உரை என்றால் அரை மணி நேரம் என்று ஒரு வழக்கம். நான் வேதியியல் வாத்தியாராக இருந்தவன். மணி அடித்தால் நிறுத்திவிடுவேன்.

மல்லாங்கிணற்றில் இந்த அறிவியல் கல்விக் கருத்தரங்கு நடப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. இவ்வூர்க்காரரான தங்கம் தென்னரசு பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அது பத்தாம் வகுப்பை எட்டியதும் அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று ஆனது. அதுவரை கரிசல்காட்டு அரசுப் பள்ளிப் பிள்ளை சோதனைக்குழாயைத் தொடாமலே பத்தாவதைத் தாண்டிவிடலாம். செய்முறை வந்தது. கூடவே, எல்லாருக்கும் 25க்கு 25 போடுகிற பழக்கமும் வந்துவிட்டது.

தேர்ச்சி விகிதத்தைப் பற்றி விருதுநகர் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2018 பிளஸ் டூ தேர்வில் 97.05 சதவீதத்தோடு மாநிலத்தில் நாம்தான் முதலிடம். அதே 2018இல்தான் மத்திய அரசு, வளர்ச்சியில் பின்தங்கியதால் முன்னேற விழையும் மாவட்டம் என்று ஒரு பட்டியல் போட்டு, தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரத்தையும் நம்மையும் அதில் சேர்த்தது. இரண்டும் ஒரே மாவட்டம்தானா என்று அன்றைக்கு நாளிதழை இரண்டு தடவை புரட்டினேன்.

தேர்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, மெல்லக் கற்போர் பட்டியல் என்று மாடாய் உழைத்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். தீப்பெட்டிக் கட்டு ஒட்டிய வீட்டிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குப் போனதில் அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் தேர்ச்சிக்கான வழியை அறிவியலுக்கான வழி என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம்.

ஒரு பருமனறி பகுப்பாய்வு வகுப்பை நினைத்துப் பாருங்கள். முப்பது பிள்ளைகள், ஐந்து பியூரெட், அதில் இரண்டு ஒழுகும். ஆனாலும் முப்பது நோட்டிலும் 20.0 மி.லி. இருக்கும். ஒருமுறை ஒரு மாணவி 18.6 என்று எழுதிக் கொண்டுவந்தாள். நான் சிவப்பு மையால் அடித்து 20.0 என்று திருத்தினேன். மறுநாள் பார்த்தால், கரைசலைத் தப்பாகத் தயாரித்தவன் நான்தான். அவள் அளந்தது சரி. அந்தப் பிள்ளை அதற்கப்புறம் அளக்கவே இல்லை. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதப் பழகிக்கொண்டாள். என் பணிக்காலத்தில் நான் போட்ட திருத்தங்களில் என்னை இன்னும் உறுத்துவது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்பு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. உப்போடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் குழைத்து, கண்ணாடித் தண்டில் எடுத்துச் சுடரில் காட்டினேன். இளம்பச்சை எழுந்தது. "பேரியம்" என்று நான் வாய் திறப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "பச்சை உப்பு சார்!" அவன் அம்மா பட்டாசு வேலைக்குப் போகிறவர். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம் என்று நாம் மனப்பாடம் செய்ய வைப்பதைத் தீபாவளி ஆர்டராகப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பட்டாசில் பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தபோது, அது வேதியியல் செய்தி என்று எத்தனை வகுப்பறையில் பேசினோம்?

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த வாரம் அதே பையன் கேட்டான்: "கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாதுங்குறாங்களே, ஏன் சார்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. தேடிப் படித்துத்தான் சொன்னேன். அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் மெல்ல வினைபுரிந்து சூடு பிறக்கும், ஹைட்ரஜன் வெளிவரும். நைட்ரேட்டும் கூட இருந்தால் அம்மோனியா வாடை அடிக்கும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லை; ஏறிக்கொண்டே போய்த் தானே பற்றும். கலவையில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது இந்த வினையை அடக்கத்தான். அவன் வீட்டில் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். வாடையை வைத்து அவருக்கு அது ஏற்கெனவே தெரியுமாம், காரணம்தான் தெரியாதாம். அவன் வேதியியலில் எடுத்தது 200க்கு 112. அந்த ஆண்டின் என் சிறந்த மாணவன் யார் என்று கேட்டால் அவனைத்தான் சொல்வேன்.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்ச்சி அட்டவணைகளைத் திரையில் காட்டாதீர்கள், எல்லாரும் பார்த்தவைதான். உங்கள் பள்ளி ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது, சென்ற பருவத்தில் எத்தனை நாள் அது திறந்தது, உங்கள் பிள்ளைகள் கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாமல்போன கேள்வி எது, இவற்றைச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கூடத்து வாசலில் ஆறு பியூரெட் மாட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அமிலத்தின் செறிவு எனக்கு மட்டும் தெரியும். ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் அளந்து, வந்த அளவைத் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகலாம். பக்கத்துத் தாளைப் பார்க்காமல் எழுதுகிறார்களா என்று கண்காணிக்கப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.