இல்லத்தில் வண்ண மீன்கள்



பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டிற்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்ததும் நம்மை எதிர்கொள்ளும் ஊர் கோவிந்தாபுரம். முதலமடையின் மாந்தோப்புகளும் மீங்கரை அணையும் அதற்கு அண்மையில் உள்ளன. அவ்வணை தேக்கும் காயத்திரிப் புழை மேற்கே ஓடிப் பாரதப் புழையில் கலக்கின்றது. தமிழும் மலையாளமும் ஒருங்கே புழங்கும் இத்தகைய எல்லைப்புறங்களிலும், தொழிலின் பொருட்டுத் தொலைவிலுள்ள நகரங்களிலும் வாழும் நம்மவர்க்கு ஏற்றதொரு பொழுதுபோக்கைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். அது வண்ண மீன் வளர்ப்பு.

இதைச் செல்வர் வீட்டு அலங்காரம் என்று எண்ண வேண்டுவதில்லை. சென்னையைச் சேர்ந்த கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை ஒட்டிய சிமெண்டுத் தொட்டிகளில் மீன் குஞ்சுகளை உற்பத்தி செய்து அதனையே வாழ்வுக்கு வழியாகக் கொண்டுள்ளன. சிறிய இடமும் நாள்தோறும் சிறிது கவனமும் இருப்பின் தொடங்கிவிடலாம்.

அறுபது சென்டிமீட்டர் நீளமும், முப்பது அகலமும், முப்பது உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 54 கிலோ ஆதலால், அதனை உறுதியான மேசைமீது, நேர் வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்றுக. நகராட்சி நீரில் குளோரமின் சேர்ப்பதுண்டாயின் அவ்வாறு வைப்பது போதாது. கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்த்தல் அவசியம்.

தொட்டி வாங்கிய அன்றே மீன்களை நிறைத்துவிடுவோர் பலர். நீர் தெளிவாக இருக்கின்றது. ஆயினும் மீன்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. காரணம் யாது? மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. நுண்ணுயிர்களுள் ஒரு வகை அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே முதலில் இரண்டு மூன்று மீன்களையே விடுக. இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே உணவிடுக. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. வடிகட்டியைக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவினால் இந்நுண்ணுயிர்கள் அழிந்துபோம். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலசுதல் வேண்டும்.

இனப்பெருக்கம் காண விரும்புவோர்க்கு முதற்பாடம் கப்பி மீன். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது முட்டையிடுவதில்லை. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சுகளை ஈனும். தாயே குஞ்சுகளைத் தின்றுவிடும். எனவே வேலம்பாசியை அடர்த்தியாக வைத்து அவற்றிற்கு மறைவிடம் அளிக்க வேண்டும். சண்டை மீனில் இதற்கு நேர்மாறான காட்சியைக் காணலாம். அங்கே தந்தையே நீர்மேல் நுரைக்கூடு கட்டி, முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் சேர்த்துக் காவல் காக்கின்றது. முட்டையிட்டதும் பெண் மீனை அகற்றாவிடின் ஆண் அதனைத் தாக்கிக் கொன்றுவிடவும் கூடும்.

அயல்நாட்டு மீன்களைப் போலவே நம் கேரள நீர்நிலைகளின் மீன்களும் அழகுடையவை. மலையாளத்தார் 'மானத்துக்கண்ணி' என்பர். வானத்தை நோக்கும் கண் என்பது பொருள். கொசுப்புழுவை விரும்பி உண்ணும் இது செடிகளில் முட்டையிடும். இரண்டு வார அளவில் குஞ்சு பொரியும். துள்ளிக் குதிக்கும் ஆதலால் தொட்டிக்கு மூடி தேவை. 'பள்ளத்தி' என்னும் மீனிலோ தாய் தந்தை இருவரும் முட்டைகளைக் காக்கின்றனர். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் சளியை மேய்ந்து வளர்கின்றன. 1865இல் பிரான்சிஸ் டே விவரித்த 'மிஸ் கேரளா' மீனோ, வணிகத்திற்காக மலையோடைகளில் மிகுதியாகப் பிடிக்கப்பட்டு, அழியும் நிலையிலுள்ள உயிரினமாக உலக அமைப்பின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. ஆகவே ஓடையில் பிடித்த மீனைத் தவிர்த்து, தொட்டியில் பிறந்த மீனையே கேட்டு வாங்குவது நம் கடமை.

இதனினும் முக்கியமான கடமை ஒன்று உண்டு. அலுத்துப்போன மீனையோ, அளவுக்கு மீறிப் பெருகிய குஞ்சுகளையோ வாய்க்காலில் விடுவதைச் சிலர் புண்ணியமெனக் கருதுகின்றனர். 2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் கேரளத்து வளர்ப்புக் குளங்கள் உடைந்து, அமேசான் ஆற்றின் அரபைமா முதலிய மீன்கள் ஆறுகளில் புகுந்தன. அது இயற்கையின் சீற்றம். வாளியிலிருந்து கொட்டுவதோ நம் கைச்செயல். அயல் மீன் நாட்டு மீனின் உணவைப் பறிக்கும், முட்டையைத் தின்னும், புதிய நோயையும் பரப்பும். காயத்திரிப் புழையில் விட்டது பாரதப் புழை வரை செல்ல வழியுண்டு. வேண்டாத மீனை மற்றொரு வளர்ப்பாளருக்கோ, வாங்கிய கடைக்கோ கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகள் தொட்டியின் முன் அமர்ந்து பிறப்பையும் பேணுதலையும் இறப்பையும் கண்ணாரக் காண்பார்கள். அவர்களுக்கு மீனின் பெயரோடு அது பிறந்த ஆற்றின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.